கேள்வி கேட்கும் ஆசனம்: கரவெட்டியிலிருந்து பாராளுமன்றம் வரை மு. சிவசிதம்பரம்

நெல்லியடிச் சந்தியில் நின்றால் ஒரு வீதி பருத்தித்துறைக்கும் இன்னொன்று யாழ்ப்பாணத்துக்கும் மற்றொன்று கொடிகாமத்துக்கும் போகும். சந்தியை அடுத்திருக்கும் ஊர் கரவெட்டி. 1923 ஜூலை 20ஆம் திகதி அந்த ஊரில் பிறந்த முருகேசு சிவசிதம்பரத்தை வடமராட்சியின் மூத்த தலைமுறை உடுப்பிட்டிச் சிங்கம் என்ற பெயரால் அறியும். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகளில் பலருக்கு அவர் ஒரு பெயர் மட்டுமே.

அவரது வாழ்க்கையை இன்று திரும்பிப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரசாங்கத்தின் தலைவரைப் பார்த்து, எங்கள் மக்களுக்கு என்ன நடந்தது என்று கேட்கும் உரிமையைப் பாராளுமன்ற ஆசனம் தருகிறது. அந்த ஆசனத்தோடு ஒரு தமிழனுக்கு இருக்கக்கூடிய எல்லா உறவுகளும் சிவசிதம்பரத்துக்கு இருந்தன. எதிர்வரிசையில் தனியொருவராக இருந்து கேள்வி கேட்டார். கேள்விகளை ஒழுங்குபடுத்தும் தவிசில் அமர்ந்தார். பிரதான எதிர்க்கட்சியின் தலைவர்களில் ஒருவராக அரசாங்கத்துக்கு எதிரே இருந்தார். ஆசனத்தை இழந்தார். வாழ்வின் கடைசி மாதங்களில் அதே சபைக்குத் திரும்பினார்.

கரவெட்டி விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்தவர், சட்டக் கல்லூரிக்குச் சென்று சட்டத்தரணியானார். குற்றவியல் வழக்குகளில் பெயர் எடுத்தார். குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சியிடம் எதைக் கேட்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று நீதிமன்றத்தில் பழகிய கலையைப் பின்னர் அவர் சபைக்கும் கொண்டுபோனார்.

அவர் அரசியலில் கால்வைத்த காலம் சிங்களம் மட்டும் சட்டத்தின் காலம். 1956இல் அந்தச் சட்டம் நிறைவேறியபோது வடமராட்சியின் பிரதிநிதியாகப் பருத்தித்துறைத் தொகுதியிலிருந்து கம்யூனிஸ்ட் கட்சியின் பொன். கந்தையா சபையில் இருந்தார். பின்னர் தொகுதிகள் மீள் நிர்ணயம் செய்யப்பட்டபோது உடுப்பிட்டி தனித் தொகுதியானது. 1960 மார்ச்சில் நடந்த தேர்தலில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசின் சார்பில் அங்கே சிவசிதம்பரம் வென்றார். அதே தேர்தலில் அவரது தலைவர் ஜீ.ஜீ. பொன்னம்பலம் யாழ்ப்பாணத்தில் அல்பிரட் துரையப்பாவிடம் தோற்றார். 1960 ஜூலையில் மீண்டும் தேர்தல் வந்தது. அப்போதும் காங்கிரசுக்குக் கிடைத்தது உடுப்பிட்டி ஒன்றுதான். தமிழரசுக் கட்சியின் பெரிய அணிக்குப் பக்கத்தில், தலைவர் இல்லாத கட்சியின் ஒரே உறுப்பினராக ஐந்து வருடங்கள் அவர் சபையில் இருந்தார்.

தனி உறுப்பினர் ஒருவரால் என்ன செய்ய முடியும்? சட்டத்தைத் தோற்கடிக்க முடியாது. அரசாங்கத்தைக் கவிழ்க்க முடியாது. கேள்வி கேட்க முடியும். வெஸ்ட்மின்ஸ்டர் முறையைப் பின்பற்றும் சபைகளில் உறுப்பினர் ஒருவர் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தல் கொடுத்தால் அவரது கேள்வி ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகும். அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். பதிலிலிருந்து எழும் மேலதிகக் கேள்வியையும் உறுப்பினர் கேட்கலாம். அமைச்சர் மழுப்பலாம், கால அவகாசம் கோரலாம். ஆனால் கேள்வியும் பதிலும் ஹன்சார்ட்டில் ஏறிவிடும். பின்னால் வருபவர்கள் அதை எடுத்துப் பார்க்கலாம். சிறுபான்மை இனமொன்றுக்கு வாக்கெடுப்பில் கிடைக்காத ஒன்று அந்தப் பதிவில் கிடைக்கிறது.

இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. பதில் சொல்ல வேண்டியவர் சபைக்குள் இருக்க வேண்டும். 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமராகப் பதவியேற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க, 1965 வரை மக்கள் பிரதிநிதிகள் சபையில் உறுப்பினராக இருக்கவில்லை. அவர் செனட் சபையின் உறுப்பினர். பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சுகளையும் அவரே வைத்திருந்தார். அவை பற்றிய கேள்விகளுக்கு மக்கள் சபையில் பதில் சொல்ல எழுந்தவர் அவரது பாராளுமன்றச் செயலாளர் பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்க. 1961இல் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகத்தை முறியடிக்க அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டு யாழ்ப்பாணத்துக்கு இராணுவம் அனுப்பப்பட்ட காலத்திலும், 1964இல் மலையக மக்களை இரண்டு நாடுகள் எண்ணிக்கையாகப் பங்குபோட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் காலத்திலும் நாட்டின் தலைவியை நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பு வடக்கின் உறுப்பினர்களுக்கு இருக்கவில்லை.

1965இல் டட்லி சேனநாயக்கவின் தேசிய அரசாங்கம் வந்தது. தமிழரசுக் கட்சியும் தமிழ்க் காங்கிரசும் அதை ஆதரித்தன. மூன்றாவது தடவையாக உடுப்பிட்டியில் வென்ற சிவசிதம்பரம், 1968 மார்ச்சில் பிரதி சபாநாயகரும் குழுக்களின் தவிசாளருமானார். காலிமுகத்திடலுக்கு அருகிலிருந்த பழைய பாராளுமன்றக் கட்டிடத்தில், வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதங்களின்போது அமைச்சுகளைப் பற்றி எதிர்க்கட்சி தொடுக்கும் கேள்விகளுக்கு இடம் கொடுப்பதும் நேரத்தைக் கணிப்பதும் கரவெட்டிக்காரர் ஒருவரின் கையில் இருந்தன.

பெருமைக்குரிய பதவி அது. ஆனால் தவிசில் இருப்பவர் வாதாடக்கூடாது. அவர் அங்கே அமர்ந்த அதே 1968இல்தான் தமிழர்களுக்கு வாக்களிக்கப்பட்ட மாவட்ட சபைத் திட்டம் எதிர்ப்புகளுக்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. தமிழரசுக் கட்சி அரசாங்கத்திலிருந்து விலகியது. கேள்விகளுக்கு நடுவராக இருக்கத் தமிழன் ஒருவனை ஏற்றுக்கொண்ட சபை, தமிழர்கள் கேட்டதைக் கொடுக்க மறுத்துவிட்டது.

அந்த வருடங்களில் வடமராட்சிக்குள்ளேயே வேறொரு கேள்வி எழுந்திருந்தது. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சமமான இருக்கையும் குவளையும் கிடைக்கவில்லை. அறுபதுகளின் பிற்பகுதியில் நெல்லியடி, கரவெட்டிப் பகுதிகளிலும் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. இரத்தமும் சிந்தப்பட்டது. கொழும்பிடம் சமத்துவம் கேட்கும் தமிழ்க் கட்சிகள் ஊருக்குள் அதைக் கொடுக்கின்றனவா என்று இளைஞர்கள் கேட்டார்கள். இதற்குத் தமிழ்த் தலைமைகள் உடனே பதில் சொல்லவில்லை. உடுப்பிட்டித் தொகுதியில் ஒரு பதில் வருவதற்கு 1977 ஆகவேண்டியிருந்தது.

1970 தேர்தலில் சிவசிதம்பரம் தமிழரசுக் கட்சியின் ஜெயக்கொடியிடம் தோற்றார். பொன்னம்பலமும் தோற்றார், வட்டுக்கோட்டையில் அமிர்தலிங்கமும் தோற்றார். பிறகு வந்தவை நம் வீடுகளில் இன்றும் பேசப்படுபவை: பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், சிறுபான்மையினருக்கான பழைய பாதுகாப்பை அகற்றிய 1972 குடியரசு யாப்பு. அரை நூற்றாண்டாகத் தங்களுக்குள் மோதிய காங்கிரசுக்காரரும் தமிழரசுக்காரரும் 1972 மே 14இல் தமிழர் கூட்டணியாக ஒன்றுசேர்ந்தார்கள் என்று ஊரில் பலர் சொல்வதுண்டு. உண்மையில் அந்தப் பகை 1949இல் தமிழரசுக் கட்சி பிரிந்ததிலிருந்து வந்த இருபத்துமூன்று வருடப் பகை. அதைக் கடந்து வந்தவர்களில் சிவசிதம்பரம் முக்கியமானவர். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் கோரியது. அடுத்த வாரம் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக அமிர்தலிங்கம், வி.என். நவரத்தினம், க.பொ. இரத்தினம், க. துரைரத்தினம் ஆகியோருடன் சிவசிதம்பரமும் கைதானார். அவர் விடுவிக்கப்பட்டார். மற்றவர்கள் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன்னிலையில் அரசத்துரோக வழக்கை எதிர்கொண்டார்கள். செல்வநாயகமும் பொன்னம்பலமும் உட்பட எழுபது சட்டத்தரணிகள் அளவில் அவர்களுக்காக முன்வந்தார்கள். அவர்களும் விடுதலையானார்கள்.

1977 ஜூலைத் தேர்தலில் உடுப்பிட்டி இராசலிங்கத்துக்குக் கொடுக்கப்பட்டது. அவர் ஒடுக்கப்பட்ட சமூகமொன்றிலிருந்து வந்தவர். மூன்று தடவை தன்னை அனுப்பிய சொந்த ஊர்த் தொகுதியை விட்டுச் சிவசிதம்பரம் நல்லூரில் போட்டியிட்டார். இருவரும் வென்றார்கள். தேநீர்க்கடை வாசலில் எழுந்த கேள்விக்கு அது முழுப் பதில் இல்லை. ஆனால் தன் இடத்தை விட்டுக்கொடுத்து ஒரு தலைவர் சொன்ன பதில் அது.

அந்தத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 140 ஆசனங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. சுதந்திரக் கட்சிக்கு 8 மட்டுமே. வரலாற்றில் முதல் தடவையாகத் தமிழர் ஒருவர், அமிர்தலிங்கம், எதிர்க்கட்சித் தலைவரானார். சிவசிதம்பரம் பின்னர் கூட்டணியின் தலைவரானார். மேடையிலும் சபையிலும் இருவரும் இணைபிரியாதவர்கள்.

சபை கூடிய சில நாட்களிலேயே சோதனை வந்தது. 1977 ஆகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் பொலிசாரின் வெறியாட்டம் தொடங்கி, தெற்கில் தமிழர்களுக்கு எதிரான வன்முறையாகப் பரவியது. ஆகஸ்ட் 18இல் எதிர்க்கட்சித் தலைவர் அதைச் சபையில் எழுப்பினார். பதில் சொல்ல எழுந்தவர் பிரதமர் ஜே.ஆர். ஜெயவர்த்தன. நடந்தவற்றுக்கு விளக்கம் தந்ததைவிட, தனிநாடு கேட்பவர்கள் போரை விரும்பினால் போர், சமாதானத்தை விரும்பினால் சமாதானம் என்ற தோரணையில் அவர் பேசியதுதான் மக்கள் நினைவில் நின்றது. பிறகு சன்சோனி ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. கேள்விக்குப் பதிலாக ஆணைக்குழு கிடைக்கும் வழக்கத்தை நம் மக்கள் அதன் பின்னர் எத்தனை தடவை பார்த்துவிட்டார்கள்!

அப்போதாவது பதில் சொல்பவர் சபையில் இருந்தார். 1978 பெப்ரவரி 4இல் ஜெயவர்த்தன நிறைவேற்று ஜனாதிபதியானார். நாட்டின் உண்மையான அதிகாரம் பாராளுமன்றத்துக்கு வெளியே போனது. இந்த இடத்தில் அயர்லாந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். அங்கும் ஜனாதிபதி உண்டு. ஆனால் அரசாங்கத்தை நடத்துபவர் பிரதமர். அவர் மக்கள் சபையான டோலில் அமர்ந்து எதிர்க்கட்சித் தலைவர்களின் கேள்விகளுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். பிரித்தானியாவிடமிருந்து பிரிந்த ஒரு நாடு, பிரித்தானியாவிடமிருந்து கற்ற அந்த வழக்கத்தைக் கைவிடவில்லை. இலங்கையோ, தமிழர்கள் பிரதான எதிர்க்கட்சியாக இருந்த காலத்தில், கேள்விக்கு உரியவரைச் சபையிலிருந்து வெளியே எடுத்துவிட்டது.

1979இல் பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது. 1981 மே 31 இரவும் அடுத்த நாட்களும் யாழ்ப்பாணம் எரிந்தது. பொது நூலகமும், கூட்டணியின் அலுவலகமும், யாழ்ப்பாண உறுப்பினர் யோகேஸ்வரனின் வீடும் தீக்கிரையாகின. சபையில் எதிர்க்கட்சி இதற்குப் பதில் கேட்டது. ஜூலையில் கிடைத்த பதில் விசித்திரமானது. ஆளுங்கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவருக்கு எதிராகவே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். வழக்கமாக இத்தகைய பிரேரணை அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பதற்கானது. இங்கே கணக்குக் கேட்டவர் குற்றவாளியானார். கூட்டணி அந்த விவாதத்தைப் பகிஷ்கரித்தது. நாடாளுமன்ற முறையில் தேர்ந்த சிவசிதம்பரத்தைப் போன்றவர்களுக்கு அந்த நாட்கள் எவ்வளவு கசந்திருக்கும் என்று விளங்கிக்கொள்ளலாம்.

1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்திப் பாராளுமன்றத்தின் காலம் ஆறு வருடங்களுக்கு நீட்டப்பட்டது. மக்கள் கொடுத்த தவணை முடிந்த பின் அங்கே இருக்கக்கூடாது என்று இளைஞர் இயக்கங்கள் கூட்டணியை நெருக்கின. 1983 ஜூலை இனப்படுகொலை நடந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ஆறாவது திருத்தச்சட்டம் நிறைவேறியது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று ஒவ்வொரு உறுப்பினரும் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். தனிநாட்டுக்கே மக்களிடம் ஆணை பெற்றவர்கள் அதைச் செய்யவில்லை. மூன்று மாதங்கள் சபைக்குப் போகாததால் ஆசனங்கள் பறிபோயின. அக்டோபரில் நல்லூர் ஆசனமும் போனது. சிவசிதம்பரம் தமிழகத்துக்குச் சென்றார்.

அயர்லாந்திலும் இப்படியொரு சத்தியப்பிரமாணம் இருந்தது. 1922இன் பின் டோலில் அமர்வதற்கு, பிரித்தானிய மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் வாசகத்தை ஏற்கவேண்டும். ஈமன் டி வலேரா அதை மறுத்து ஐந்து வருடங்கள் வெளியே இருந்தார். 1927 ஆகஸ்டில், அது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லிக் கையெழுத்திட்டு உள்ளே போனார். கொள்கையை விற்றுவிட்டார் என்று ஒரு பகுதியினர் ஏசினார்கள். 1932இல் அவர் அரசாங்கத்தின் தலைவரானார். அடுத்த வருடமே அந்தச் சத்தியப்பிரமாணத்தை ஒழித்தார். ஆனால் டி வலேராவிடம் பெரும்பான்மை பெறும் வாய்ப்பு இருந்தது. எமக்கு அது ஒருபோதும் இருக்கவில்லை. ஆகவே கூட்டணி செய்தது பிழை என்று இந்த ஒப்பீட்டிலிருந்து சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் விலை என்ன என்பதை நெல்லியடி அறியும்.

1987 மே 26இல் வடமராட்சி மீது ஒப்பரேஷன் லிபரேஷன் தொடங்கியது. குண்டுகள் விழுந்தன. மக்கள் கோயில்களில் ஒடுங்கினார்கள். இளைஞர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டுத் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். நெல்லியடி மத்திய மகா வித்தியாலயம் இராணுவ முகாமானது. ஜூலை 5இல் அந்தப் பாடசாலை மீது கரும்புலி மில்லர் வெடிமருந்து வாகனத்தை மோதினார். எத்தனை பேர் செத்தார்கள், பிடித்துச் சென்றவர்கள் எங்கே, பாடசாலை எப்போது பிள்ளைகளிடம் திரும்பும் என்று கேட்க உடுப்பிட்டிக்கும் பருத்தித்துறைக்கும் பாராளுமன்றத்தில் ஒருவரும் இருக்கவில்லை. இரண்டு ஆசனங்களும் நான்கு வருடங்களாக வெறுமையாகக் கிடந்தன. இடைத்தேர்தலும் நடத்தப்படவில்லை. அந்த நாட்களின் ஹன்சார்ட்டில் எங்கள் ஊர்க்காரரின் கேள்வி ஒன்றும் இல்லை.

ஆசனம் இல்லாத காலத்திலும் சிவசிதம்பரம் பேசுவதை விடவில்லை. 1985இல் திம்புப் பேச்சில் கூட்டணியின் சார்பில் கலந்துகொண்டார். ஆனால் அப்போது துப்பாக்கிகள் அரசியலை எடுத்துக்கொண்டிருந்தன. 1989 ஜூலை 13 மாலை, கொழும்பு பௌத்தாலோக மாவத்தை வீட்டுக்குப் பேச்சு நடத்தவென்று வந்த விடுதலைப் புலிகள் இயக்கத்தினர் மூவர் சுட்டதில் அமிர்தலிங்கமும் யோகேஸ்வரனும் கொல்லப்பட்டார்கள். படுகாயமடைந்த சிவசிதம்பரம் உயிர் தப்பினார். சுட்ட மூவரையும் மெய்க்காவலர்கள் சுட்டுக்கொன்றார்கள்.

அரசாங்கம் கேள்வி கேட்டவரைத் தண்டித்தது. இயக்கமும் மாற்றுக் கருத்தைக் கேட்கப் பொறுக்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்ற தலைமுறையின் கதை அந்த ஒரு மாலையில் அடங்கியிருக்கிறது. இதைச் சொல்வது சிலருக்கு வலிக்கும். ஆனால் சொல்லாமல் விட்டால் சிவசிதம்பரத்தின் வாழ்க்கையைப் பாதியாக்கிவிடுவோம்.

ஏனென்றால் மறுபாதிதான் அவரை விளங்கிக்கொள்ள உதவுவது. 2001இல் அவர் தலைமை தாங்கிய கூட்டணி, தமிழ்க் காங்கிரஸ், டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எப். ஆகியவற்றோடு சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பை உருவாக்கியது. அரசாங்கம் பேச வேண்டியது விடுதலைப் புலிகளோடுதான் என்று அந்தக் கூட்டமைப்பு தேர்தலில் கேட்டது. தன் நண்பர்களைக் கொன்று தன்னையும் சுட்டவர்களோடு பேசுங்கள் என்று அரசாங்கத்திடம் கோரிய அணியில் அவர் முன்னால் நின்றார். தனிப்பட்ட காயத்தைவிட மக்களுக்கு ஒரு போர்நிறுத்தம் பெரிது என்று கருதினார் என்றே அதை வாசிக்க முடிகிறது.

டிசம்பர் 5 தேர்தலில் கூட்டமைப்புக்கு 15 ஆசனங்கள் கிடைத்தன. தேசியப் பட்டியலில் கிடைத்த ஒரே இடம் சிவசிதம்பரத்துக்குக் கொடுக்கப்பட்டது. 18 வருடங்களுக்குப் பிறகு, 78 வயதில், ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேயிலுள்ள பாராளுமன்றத்துக்குள் அவர் மீண்டும் நுழைந்தார். 1983இல் எந்தச் சத்தியப்பிரமாணத்தைச் செய்யாமல் வெளியேறினாரோ அதைச் செய்யாமல் அங்கே அமர முடியாது. டி வலேரா ஐந்து வருடங்களில் கடந்த வாசலைக் கடக்க அவருக்குப் பதினெட்டு வருடங்கள் எடுத்தன. அந்த இடைவெளியில் வடமராட்சியும் வடக்குக் கிழக்கு முழுவதும் இழந்தவற்றுக்குக் கணக்கில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏ-9 வீதி திறந்தது. அந்த நம்பிக்கையின் நாட்களிலேயே, ஜூன் 5ஆம் திகதி, சிவசிதம்பரம் கொழும்பில் காலமானார். அதன் பிறகு நடந்தவற்றை, 2009 மே வரை, அவர் பார்க்கவில்லை.

அவர் காலத்துக் கேள்விகளில் பல இன்னும் அப்படியே இருக்கின்றன. பயங்கரவாதத் தடைச்சட்டம் இருக்கிறது. நிறைவேற்று ஜனாதிபதி முறை இருக்கிறது. ஆறாவது திருத்தமும் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவையும் உண்டு: கையில் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே, காணி எப்போது திரும்பும். தாய்மார் வீதியோரக் கொட்டகைகளில் இருந்து இவற்றை வருடக்கணக்கில் கேட்டுவிட்டார்கள். வீதியில் கேட்பதைச் சபையில், எழுத்தில், நாள் குறித்து, பதில் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்பது நாம் அனுப்புகிறவர்களின் வேலை. அடுத்த தடவை வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நெல்லியடிச் சந்தியில் வைத்து நாம் விசாரிக்கலாம்: கடந்த தவணையில் எங்களுக்காக எத்தனை கேள்விகள் கேட்டீர்கள், அவற்றுக்கு என்ன பதில் கிடைத்தது, பதில் கிடைக்காதபோது என்ன செய்தீர்கள் என்று.